பகலில் தூங்குகிறவர்

1

துவைத்த சட்டை காய்வதைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. மஸ்கட்டுக்கு வெளியே, ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் எங்கள் கேம்ப். வெள்ளிக்கிழமைதான் துவைக்கிற நாள். அறையில் ஆறு பேர், ஆறு பேரின் சட்டைகளும் ஒரே கம்பியில் தொங்கும். கொஞ்சம் காற்று அடித்தால் போதும், கைகள் தூக்கித் தூக்கி இறங்கும். போன வெள்ளிக்கிழமை என் சட்டை அப்படிக் கையைத் தூக்கியபோது, நான் அவசரமாக ஈரத்தோடே எடுத்து உள்ளே கொண்டுவந்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் திருநெல்வேலிக்காரர், பி.ஏ. படித்தவர். என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். "எழுதிப் போடும்வே, மனசுல வச்சிருந்தா தூக்கம் வராது" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரும்பு கடைகிற லேத்துக்குப் பக்கத்தில் கையாளாக நின்று தொழில் கற்றுக்கொண்டேன். இங்கே வந்து பத்தொன்பது வருடம் முடிந்துவிட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் இது பரவாயில்லை.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரே ஒரு பெண். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் பிலிப்பைன்ஸ் அம்மாள். அவர் கையெழுத்து இல்லாமல் மேனேஜருக்கே ஒரு டிரில் பிட் கிடைக்காது. பெண்கள் தினத்தன்று அவருக்காக ஆபீசில் கேக் வாங்கினார்கள். அவரே வெட்டி, நாற்பது ஆண்களுக்கும் அவரே கொடுத்து, கத்தியையும் அவரே கழுவி வைத்தார். அன்றைக்குப் பழைய வாரப் பத்திரிகை ஒன்றில் 'பெண்ணியம்' என்ற சொல்லைப் பார்த்தேன். திருநெல்வேலிக்காரரிடம் அர்த்தம் கேட்டேன். "பொம்பளையும் மனுஷிதான்னு சொல்லுதது. வேற ஒண்ணுமில்ல" என்றார். இதற்கு எதற்குத் தனியாக ஒரு வார்த்தை என்று அப்போது நினைத்தேன்.

அதற்கப்புறம்தான் ஊருக்குப் போனேன்.

2

மூன்று வருடமாக லீவில் போகவில்லை. அதற்குள் பூந்தமல்லி பக்கம் நூம்பலில் எங்கள் வீடு கட்டி முடிந்து, அம்பத்தூர் வாடகை வீட்டிலிருந்து மனைவி வசந்தியும் மகள் பவித்ராவும் குடி வந்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. நான் அந்த வீட்டைப் போனில் மட்டுமே பார்த்திருந்தேன். டிக்கெட் ஒரு நாள் முன்னதாகக் கிடைத்ததால் சொல்லாமலே கிளம்பினேன்.

ரோடு தோண்டிப் போட்டிருந்ததால் டாக்ஸிக்காரர் தெருமுனையிலேயே இறக்கிவிட்டார். காலை பத்து மணி. இரண்டு பக்கமும் கல் நட்ட காலி மனைகள், நடுவில் அங்கங்கே ஆறு வீடுகள். புதிய ஆளைக் கண்டால் எந்தத் தெரு நாயும் குரைக்கும். அங்கே படுத்திருந்த நாய் என்னைப் பார்த்ததும் எழுந்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றது.

அடுத்த வீட்டிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். பூந்தமல்லியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் காதர் பாய். இது அவர் பெயர் என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. அவரோ பல நாள் பழகியவர் மாதிரிச் சிரித்தார்.

"இன்னா அண்ணே, பொட்டியோட எங்க கெளம்பிட்டீங்க?"

இப்போதுதான் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. நீங்கள் ஷிப்டு முடிந்து வந்து படுத்திருப்பதாக அண்ணி இப்போதுதானே சொன்னார், தூக்கம் கெட்டால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்றார். பிறகு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே, "ரெண்டு நாளா இருமல் சத்தம் கேட்டுகினே கீது. கஷாயம் வெச்சிக் குடிங்க" என்றார். ஸ்கூட்டர் புகை மூக்கில் ஏறியது. இருமினேன்.

"அதேதான்" என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டு வாசலில் ஆண் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. என் அளவு. எனக்குச் செருப்பு எப்போதும் குதிகாலின் வெளி ஓரத்தில்தான் தேயும். இதுவும் அங்கேதான் தேய்ந்திருந்தது. மாடிக் கொடியில் நீல நிறச் சட்டை ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து வசந்தியின் குரல், சாதாரணமாக அவள் பேசுவதைவிடச் சத்தமாக, "டீயா? சூடு பண்ணித் தரேன், படுங்க" என்றது.

வேறு ஒருவனாக இருந்தால் என்ன நினைத்திருப்பானோ. நான் கதவைத் தட்டிவிட்டுத் திருட்டுப் பையன் மாதிரி நின்றேன். அவள் திறந்தாள். மூன்று வருடம் கழித்து என்னைப் பார்க்கிறாள், ஆனால் முதலில் என் தோளுக்கு மேலே தெருவைத்தான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

"யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டாள்.

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்தேன். கட்டில் விரித்திருந்தது, தலையணையில் தலை வைத்த பள்ளம் இருந்தது, ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் இல்லை.

3

அன்று மத்தியானம் வசந்தி எல்லாம் சொன்னாள். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் மதிய ஷிப்டு போகிறவள். காலை முழுதும் வீட்டில் இருப்பாள். குடி வந்த முதல் மாதம் தண்ணி கேன் போடுகிறவர், கேபிள்காரர், மனை புரோக்கர் என்று கேட்டருகே வந்த எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்களாம். "ஊட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியா?" அவள் உண்மையைச் சொன்னாள், வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று.

மறுநாள் புரோக்கர் வேலை எதுவும் இல்லாமல் வந்து காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டான். அடுத்த நாளும் வந்தான். மூன்றாவது நாள் தண்ணீர் குடித்துவிட்டுச் சொம்பைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். அன்று சாயந்திரம் அவள் பூந்தமல்லி போய் ஆண் செருப்பு ஒரு ஜோடி வாங்கினாள். நான் விட்டுப்போன சட்டை ஒன்றை நனைத்துக் கொடியில் போட்டாள். நான்காம் நாள் அவன் வந்தான், செருப்பைப் பார்த்தான், தண்ணீர்கூடக் கேட்காமல் போய்விட்டான்.

அப்புறம் அது தானாக வளர்ந்தது. வீட்டுக்காரர் லீவில் வந்துவிட்டார், இனி போகப்போவதில்லை, எஸ்டேட்டில் நைட் ஷிப்டு, பகலில் தூங்குவார், எழுப்பினால் கத்துவார். இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் ஷிப்டு போகிறவர்தான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சட்டை தினமும் நனைந்தது. பவி குப்பை கொட்டப் போகும்போது அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு போவாள், தேயட்டும் என்று.

தெருவுக்குச் சாக்கடை போடுவது, மாடிக்கு ஷீட் போடுவது என்று எதற்கு வந்தாலும், சாரைக் கேட்டுச் சொல்லுங்க என்பார்களாம். முன்பு அவளே வேண்டாம் என்றால் அரை மணி நேரம் வாதாடுவார்கள். இப்போது உள்ளே போய்விட்டு வந்து, அவரு வேணாம்னுட்டாரு என்றால் பேசாமல் போனார்கள்.

"உள்ள போய் இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"ஃபேனைப் பாத்துகினு கொஞ்ச நேரம் நிப்பேன். அப்புறம் வந்து நான் நெனச்சதைச் சொல்லுவேன்."

இருமல் சங்கதியைக் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். தான் ஒரு நாளும் இருமியதில்லை என்றாள். பவியும் இல்லை என்றாள்.

எனக்கு உறைத்த விஷயம் வேறொன்று. பவி பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர ஆசைப்பட்டபோது வசந்தி எனக்குப் போன் செய்தாள். சாப்பாட்டு நேரம், பின்னால் மெஷின் சத்தம். நான் முடிவு சொல்லத் தைரியமில்லாமல், அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளு என்று சொல்லி வைத்துவிட்டேன். என் அண்ணன் வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் கேட்கவில்லை. அவரு சேத்துடச் சொல்லிட்டாரு என்று அண்ணன் உட்பட எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். பவி சேர்ந்தாள், படித்தாள்.

அந்த 'அவரு' நான் இல்லை. நான் அண்ணனைக் கேட்கச் சொன்னவன். படிக்கட்டும் என்று சொன்னவன் இந்த அறையில் ஃபேனுக்குக் கீழே படுத்திருப்பவன். நான் பத்தொன்பது வருடம் வேலை செய்து கட்டிய வீட்டில் என்னைவிட நல்லவன் ஒருத்தன் குடியிருக்கிறான் என்று தோன்றியது. அந்தக் கட்டிலில் அன்று எனக்குப் படுக்கப் பிடிக்கவில்லை. ஹாலில் பாய் போட்டுப் படுத்தேன்.

4

பவிக்கு இருபது வயது. என்னிடம் விருந்தாளியிடம் பேசுவது போலப் பேசினாள். ஷேர் ஆட்டோக்காரரிடம் நான் பழக்கத்தில் "கலாஸ், கலாஸ்" என்றபோது மட்டும் சிரித்துவிட்டு, "போதும்னு சொல்லணும்ப்பா" என்றாள். அவள் கற்றது கம்ப்யூட்டரில் ஓடும் லேத். நான் கையால் சுற்றும் லேத்தில் வளர்ந்தவன். அவள் சொன்ன பாதி வார்த்தைகள் எனக்குப் புரியவில்லை. ஆனால் பீங்கான் தட்டை அவள் கழுவி விளக்கு வெளிச்சத்தில் விளிம்பைத் தடவிப் பார்த்த விதம், ஜாப் முடித்த ஆள் பர் என்கிற இரும்புப் பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற விதம்தான். அது எனக்குப் புரிந்தது.

அவளுடைய தோழி ஒருத்தி ஒரு நாள் வந்தாள். நான் ஹாலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனாள். ஏன் என்று கேட்டேன். "எங்கப்பா கோவக்காரர்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள் பவி. என் வாழ்க்கையில் நான் கோபப்பட்டதை அவள் பார்த்ததே இல்லை.

அவளுக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஆறு மாதப் பயிற்சி கிடைத்திருந்தது, முடித்தால் வேலை. பத்து நாளில் போய்ச் சேர வேண்டும். இது தெரிந்துதான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆவடியிலிருந்து அண்ணன் வந்தார். அண்ணன் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அப்பா இல்லாத எங்களை வளர்த்தவர். அவர் முகத்தைப் பார்த்து நான் பேசியதில்லை. அண்ணிக்குச் சொந்தத்தில் ஒரு பையன் இருக்கிறான், தையில் முடித்துவிடலாம், பொட்டப்புள்ள எண்ணெய்க் கையோடு மெஷினில் நிற்பதைச் சம்பந்தி வீட்டார் எப்படி ஏற்பார்கள் என்று நிதானமாகப் பேசிக்கொண்டே போனார். வசந்தி சமையலறை வாசலில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பவி டம்ளர்களோடு நின்றாள்.

"ஓசூருக்கு அனுப்பறதுன்னு சொன்னது நீயா, உம் பொண்டாட்டியா? மூஞ்சியப் பாத்துச் சொல்லு நைனா" என்றார் அண்ணன்.

நான் தரையைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். ஒரு குரல் வந்தது.

"நான்தான் சொன்னேன். எம் பொண்ணு போறா. இதுல பேச்சு இல்ல."

கட்டையான குரல். நிறுத்தி நிறுத்தி வந்தது. எனக்கு அது யாருடையது என்று தெரியவில்லை. உள்ளறையைத் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது, பார்க்கவில்லை.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அரபு நாட்ல கொரலும் மாத்திக் குடுக்கறாங்களாடா?" என்றார். பாதி காபியை வைத்துவிட்டு எழுந்து போனார். வசந்தியின் முகத்தில் சந்தோஷம் இல்லை. தான் கட்டிச் சொன்ன கதை எழுந்து நடப்பதைப் பார்க்கிறவள் போல இருந்தாள். பவி அவள் காதில் சொன்னது எனக்குக் கேட்டது.

"அம்மா, அப்படியே கீதும்மா."

5

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தக் குரல் எனக்குப் பிடித்துவிட்டது.

தெருவில் நடந்தால் காலி மனையில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் போன் சத்தத்தைக் குறைத்தார்கள். காதர் பாய் சாக்கடை எந்தப் பக்கம் போகலாம் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அப்படியே செய்யலாம் என்றார்கள். இத்தனை வயதுக்கு என் பேச்சை எவரும் இப்படிக் கேட்டதில்லை. மத்தியானம் உள்ளறையில் படுக்க ஆரம்பித்தேன். தலையணைப் பள்ளம் என் தலைக்குச் சரியாக இருந்தது.

ஓசூர் ஹாஸ்டலுக்கான பாரத்தில் தந்தையின் கையெழுத்தை ஆபீசர் முன்னால் போட வேண்டும் என்று பாலிடெக்னிக்கில் சொன்னார்கள். போனேன். என் பெயரை எழுத்துக் கூட்டிப் போட்டேன். கிளார்க் பழைய ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். அதில் பவி சேர்ந்ததிலிருந்து வந்த கடிதங்கள். எல்லாவற்றிலும் என் பெயர் ஒரே மாதிரி, சாய்வாக, கீழே ஒரு கோட்டோடு இருந்தது.

"இது உங்க கையெழுத்து இல்லியே சார்" என்றார்.

அவர் நல்ல மனிதர். கை நடுங்குகிறது போலிருக்கிறது, வீட்டில் நிதானமாகப் போட்டுக் கொண்டுவாருங்கள், விதியைப் பார்த்தால் வேலை நடக்காது என்று வேறு பாரம் கொடுத்து அனுப்பினார். என் கையெழுத்தை என்னைவிட நன்றாகப் போடுகிறவள் வீட்டில் இருக்கிறாள் என்று அவருக்கு எப்படிச் சொல்வது.

வீட்டுக்கு வந்ததும் வசந்தி பேனாவை எடுத்தாள். நான் பாரத்தை இழுத்துக்கொண்டேன். அதில் ஒரு கட்டம் இருந்தது. மாதத்தில் எத்தனை முறை வெளியே செல்லலாம், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், தந்தை நிரப்பவும். அம்மா எழுதட்டும்ப்பா என்றாள் பவி.

"மாசம் ஒரு தரம் போதும்" என்றது குரல். "அஞ்சு மணிக்குள்ள வந்துடணும். நான் சொல்றதுதான்."

உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பவி கையிலிருந்த கவரை மேஜையில் சத்தமில்லாமல் வைத்தாள். தூங்குகிற ஆள் விழித்துவிடக் கூடாதே என்று வைப்பது போல. இரண்டரை வருடமாக வெளி ஆட்களுக்குக் காட்டி நடித்ததை அப்போது அவள் நடிக்கவில்லை, நிஜமாகவே செய்தாள்.

வசந்தி ஃபேனை நிறுத்திவிட்டு வந்தாள்.

"அவனை வாசல்ல நிக்க வெக்கத்தான் நான் உண்டாக்கினேன். உள்ள கூட்டிகினு வந்தது நீங்க."

பேனா இன்னும் அவள் கையில் இருந்தது.

"இத்தினி வருசமா நீங்க எதுக்கும் வேணும்னும் சொன்னதில்ல, வேணாம்னும் சொன்னதில்ல. அந்த ஆளோட நான் பொழச்சிக்குவேன். இவனோட என்னால முடியாது."

பாரத்தை அவளிடம் தள்ளினேன். கட்டத்தில் பவியைக் கேட்டு எழுதினாள். கீழே என் கையெழுத்தை ஒரே இழுப்பில் போட்டாள். கடைசியில், ஒவ்வொரு முறை வெளியே செல்லும்போதும் தந்தையிடம் போனில் அனுமதி பெறப்படும் என்று அச்சடித்திருந்தது. தாயின் எண்ணுக்கு அங்கே இடமே இல்லை. தன் நம்பரையே அப்பா நம்பராகப் போட்டுவிடலாம், அவங்க கேட்டால் அவரு தூங்குறாரு என்று சொல்லிவிடலாம் என்றாள் வசந்தி. பவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என் நம்பரைப் போடு. நான் எடுக்கிறேன்" என்றேன். அது என் சொந்தக் குரல். பாதி காற்றாகத்தான் வந்தது. வசந்தி என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுதினாள்.

6

கிளம்பும் முன் அந்தச் செருப்பைத் தூக்கி எறிந்துவிட நினைத்தேன். வசந்தி விடவில்லை. நீங்க பிளேன் ஏறிடுவீங்க, நான் இங்கதான இருக்கணும் என்றாள். செருப்பைப் பழைய இடத்திலேயே வைத்தேன். எஸ்டேட்டில் எட்டு மணி நேரம் மெஷின் ஓட்டுகிற ஒருத்தி, சொந்த வீட்டு வாசலில் வேண்டாம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல ஈரச் சட்டையைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. திருநெல்வேலிக்காரர் சொன்னது சின்ன விஷயம் இல்லை. அதற்கு ஒரு தனி வார்த்தை தேவைதான். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவர்கள் ஆண்களான நாங்களும்தான் என்பது மட்டும் எனக்கு லேட்டாகத் தெரிந்தது.

இங்கே ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். பவி ஓசூர் போய் மூன்றாவது ஞாயிறு, லேத்தில் ஒரு இரும்பு ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. வார்டன் அம்மா. உங்க பொண்ணு தோழிங்களோட வெளிய போகணும்ன்றாங்க, அனுப்பலாமா சார் என்று கேட்டார். மெஷினை நிறுத்தினேன்.

"அவளையே கேளுங்கம்மா" என்றேன்.

அப்படி வழக்கம் இல்லை என்றார். அப்பா வாயால் சொல்ல வேண்டுமாம். சரி, அனுப்புங்கள் என்றேன். எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்று கேட்டார். பாரத்தில் எழுதியிருக்கிறதே என்றேன். அது பாரம், இது ரிஜிஸ்டர், ஒவ்வொரு தடவையும் நீங்கள் சொல்லித்தான் எழுத வேண்டும் என்றார்.

என் தொண்டையில் அவன் எழுந்து உட்கார்ந்தான். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. மணி என்றதுமே அவனுக்கு ஒரு மணி தயாராக இருந்தது. அவன் கெட்டவன் இல்லை, பெண் பத்திரமாக இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறான். நான் ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் சூடாக இருந்தது. உள்ளங்கை எரிந்தது, எடுக்கவில்லை.

"சார்? லைன்ல இருக்கீங்களா? ஒரு மணி சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்."

"அவ எந்த மணி சொல்றாளோ, அதை நான் சொன்னதா எழுதிக்கங்க" என்றேன்.

அந்தப் பக்கம் ரிஜிஸ்டர் புரண்டது. பிறகு போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு அந்த அம்மாள் யாரிடமோ கேட்பது கேட்டது.

"எத்தனை மணிம்மா?"